இட்லிப்பூச் செடியில் கொழுந்து மட்டும் மஞ்சளாகிறது: உரம் போதவில்லையா, தண்ணீர் சரியில்லையா?

மல்லிகைப்பந்தல் (மடிப்பாக்கம், சென்னை)

அனைவருக்கும் வணக்கம். வீட்டின் சுற்றுச்சுவரை ஒட்டி இட்லிப்பூச் செடிகளை வரிசையாக வைத்திருக்கிறோம். சிவப்புப் பூ, உயரமாக வளரும் நாட்டு வகை. வைத்த புதிதில் இலை தெரியாமல் பூத்தன. இப்போது கொழுந்து விடும்போதே வெளிறிப்போய் வருகிறது. ஓர் இலையைக் கிள்ளி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. இடைப்பட்ட இடமெல்லாம் மஞ்சள். இன்னும் இளசான இலைகள் ஏறக்குறைய வெள்ளையாகவே இருக்கின்றன, நுனியும் கருகிப்போகிறது. ஆனால் அடியிலிருக்கும் முற்றிய இலைகள் நல்ல கரும்பச்சை. இதுதான் எனக்குப் புரியவில்லை.

மண்புழு உரம், முட்டை ஓட்டுத்தூள், அடுப்புச் சாம்பல், எப்சம் உப்பு எல்லாம் கொடுத்தாகிவிட்டது. நர்சரியில் ஒரு நுண்ணூட்டக் கலவையும் தந்தார்கள். எதற்கும் செடி அசையவில்லை. பாய்ச்சுவது போர் தண்ணீர். ஐப்பசி, கார்த்திகை மழையில் சற்றுப் பச்சை திரும்புகிறது. மாசி பிறந்தால் மறுபடியும் மஞ்சள். இன்னும் எதைப் போட வேண்டும்?

இயற்கைவழி (கோபிசெட்டிப்பாளையம்)

சகோதரி, மண்ணில் உயிர் இல்லை என்பதற்கு இதைவிட அடையாளம் வேண்டாம். பஞ்சகவ்யத்தை 3 சதவீதக் கரைசலாகத் தெளியுங்கள். புளித்த மோரை ஒன்றுக்குப் பத்து தண்ணீர் கலந்து வேரில் ஊற்றுங்கள். துருப்பிடித்த ஆணிகள் நான்கைந்தை வேருக்கு அருகே புதைத்துவிடுங்கள். எங்கள் ஊரில் பாட்டிமார் செய்வது இதுதான். கடையில் விற்கும் பொடி எதையும் வாங்காதீர்கள்.

செம்மண் (மார்த்தாண்டம்)

அம்மா, எதையும் போடுவதற்கு முன் போடுவதை நிறுத்துங்கள். முதலில் சாம்பலையும் முட்டை ஓட்டையும் நிறுத்துங்கள். இரண்டுமே மண்ணைக் காரமாக்கும். ரோஜாவுக்கும் தக்காளிக்கும் அவை ஒத்துப்போகலாம். இந்தச் செடிக்குப் பகை.

எங்கள் பக்கம் இதைத் தெச்சி என்போம். நாற்றுப் பண்ணையில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: இதைப்போல அலட்டிக்கொள்ளாத செடி வேறில்லை. வேலியோரத்தில், கோவில் மதிலருகில், ரப்பர் தோட்டத்து வரப்பில் யாரும் தண்ணீர் ஊற்றாமலே நிற்கும். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு. காலங்காலமாகப் பெய்த மழை மண்ணிலிருந்த சுண்ணாம்பைக் கழுவிக்கொண்டு போய்விட்டது. புளிப்பேறிய அந்தச் செம்மண்தான் தெச்சிக்குத் தாய்வீடு. அதை வேறிடத்துக்குக் கொண்டுபோய்விட்டு, செடி நோஞ்சான் என்று சொன்னால் எனக்கு மனம் பொறுப்பதில்லை.

இரண்டு காரியம் செய்யுங்கள். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, ஒரு முழ ஆழம் தோண்டி என்ன வருகிறது என்று பாருங்கள். அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து உலர்த்தி, கிண்ணத்தில் போட்டு, சமையல் வினிகரை ஊற்றுங்கள். என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். மற்றதைப் பிறகு பேசுவோம்.

மல்லிகைப்பந்தல்

ஐயா, தோண்டிப் பார்த்தோம். மேலே நான்கு விரற்கடை மட்டும்தான் நல்ல மண். அதற்குக் கீழே கொத்தனார்கள் விட்டுப்போன சிமெண்ட் பூச்சுத் துண்டுகள், செங்கல் உடைசல், வெள்ளைக் கட்டிகள். அந்தக் கட்டி விரலால் நசுக்கினாலே பொடிகிறது. வினிகர் ஊற்றியதும் கிண்ணத்தில் நுரை பொங்கியது. காதருகில் வைத்தால் சிறுசிறு குமிழ்கள் வெடிக்கும் சத்தம்கூடக் கேட்டது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதே நாற்றுகளில் ஒன்று மாடியில் தொட்டியில் இருக்கிறது. அது மட்டும் பச்சைப்பசேல் என்று நிற்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் நீர் அந்தத் தொட்டியில்தான் விழுகிறது. இதற்கும் அதற்கும் தொடர்பு உண்டா?

காரஅமிலம் (கோயம்புத்தூர்)

தொடர்பு உண்டு அக்கா. உங்கள் கேள்விக்கு விடையே அந்தத் தொட்டிதான்.

மண் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன், அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். உங்கள் செடிக்கு வந்திருப்பது இரும்புப் பற்றாக்குறை. இரும்பு செடிக்குள் இடம் மாறாத சத்து. பழைய இலையில் சேர்ந்தது அங்கேயே தங்கிவிடும், கொழுந்துக்கு ஏறிவராது. அதனால்தான் அடியிலை பச்சையாகவும் கொழுந்து மஞ்சளாகவும் இருக்கின்றன. தழைச்சத்துக் குறை என்றால் முதலில் அடியிலை மஞ்சளாகும். மக்னீசியம் குறைந்தாலும் அடியிலையில்தான் நரம்பிடை மஞ்சள் தொடங்கும். எப்சம் உப்பு மக்னீசியத்துக்கானது. இங்கே அதற்கு வேலை இல்லை.

ஆனால் உங்கள் மண்ணில் இரும்பு இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நிறையவே இருக்கும். பி.எச். என்பது மண்ணின் புளிப்பையும் காரத்தையும் காட்டும் அளவு; 7க்குக் கீழே புளிப்பு, மேலே காரம். அது 5 முதல் 6 வரை இருந்தால் இட்லிப்பூச் செடியின் வேர் அதைத் தடையின்றி எடுத்துக்கொள்ளும். 7ஐத் தாண்டினால் இரும்பு கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. வினிகரில் நுரை பொங்கியதே உங்கள் மண்ணில் சுண்ணாம்பு இருப்பதற்கு அடையாளம். அப்படிப்பட்ட மண்ணில் பி.எச். பெரும்பாலும் 8ஐ ஒட்டியே நிற்கும். போதாக்குறைக்குப் போர் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், ஒவ்வொரு முறை பாய்ச்சும்போதும் மண்ணைக் காரப்பக்கம் தள்ளுகிறது. மழைநீரிலும் ஏசி நீரிலும் அது ஏறக்குறைய இல்லை. மாடிச் செடி பச்சையாக இருப்பதற்கும், கார்த்திகையில் கீழ்ச்செடிகள் தெளிவதற்கும் இதுவே காரணம்.

கோவையில் இதைத் தெருத்தெருவாகப் பார்க்கலாம். சிறுவாணித் தண்ணீர் ஊற்றும் வீட்டில் இட்லிப்பூ பச்சையாக இருக்கும். போர் தண்ணீரை மட்டும் நம்பியிருக்கும் அடுத்த வீட்டில் மஞ்சளாக நிற்கும். அமெரிக்காவில் தெற்கு ஃபுளோரிடாவிலும் இச்செடி வேலிக்கு வைக்கிறார்கள். அங்கே சுண்ணாம்புப் பாறை மண். கான்கிரீட் சுவருக்கும் நடைபாதைக்கும் அருகில் நட வேண்டாம் என்று அங்குள்ள தோட்டக்கலைத் துறையினர் எச்சரிப்பது வழக்கம்.

இனி, என்ன செய்யலாம் என்று பார்ப்போம்.

உடனடி ஆறுதல் இலைவழித் தெளிப்பு. அன்னபேதி உப்பு, அதாவது பெரஸ் சல்பேட், லிட்டருக்கு 5 கிராம். அதோடு சிட்ரிக் அமிலம் 1 கிராம். வெயில் தாழ்ந்த பின் இரு பக்கமும் நனையத் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. வாங்கும்போது படிகம் வெளிர்பச்சையாக இருக்கிறதா என்று பாருங்கள். பழுப்பேறியிருந்தால் வாங்காதீர்கள், அது காற்றுப்பட்டுக் கெட்டது. தரையில் சிந்தினால் கறை போகாது. தெளித்த இலை மட்டும்தான் பச்சையாகும், அடுத்து வரும் கொழுந்து மறுபடி மஞ்சளாகவே வரும். ஆகவே இது மருந்தில்லை, முதலுதவி.

மண்ணில் இட வேண்டுமென்றால் கொடுக்கிணைப்பு (chelated) இரும்பு, அதாவது கரையாத வடிவத்துக்குப் போகாதபடி ஒரு கரிமச் சேர்மம் பிடித்து வைத்திருக்கும் இரும்பு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் இ.டி.டி.ஏ. வகை பி.எச். 6.5 வரைதான் தாக்குப்பிடிக்கும். டி.டி.பி.ஏ. ஏறக்குறைய 7.5 வரை. கடையில் கிடைப்பவற்றில் சுண்ணாம்பு மண்ணில் நிற்பது இ.டி.டி.எச்.ஏ. வகைதான். நர்சரியில் தந்த கலவை வேலை செய்யாததற்கு அது முதல் வகையாக இருந்ததே காரணமாக இருக்கலாம். பொட்டலத்தில் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள்.

கந்தகம் போட்டு மண்ணை மாற்றலாமே என்று கேட்பீர்கள். ஒரு கிலோ சுண்ணாம்பைச் சரிக்கட்ட 320 கிராம் கந்தகம் தேவை. ஒரு சதுர மீட்டரில் அரையடி ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ. அதில் நூற்றுக்கு 2 பங்கு சுண்ணாம்பு என்று வைத்துக்கொண்டால் 4 கிலோ. அதற்கு ஒன்றேகால் கிலோவுக்கு மேல் கந்தகம் வேண்டும். அதையும் மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்ற மாதக்கணக்காகும். அதற்குள் சுவரிலிருந்து மேலும் சுண்ணாம்பு இறங்கிவிடும். நுரை பொங்கும் மண்ணோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்பது என் கருத்து.

இயற்கைவழி

தோழரே, கணக்கெல்லாம் சரி. ஆனால் வீட்டுப் பூச்செடிக்கு ஆய்வகச் சரக்கு எதற்கு? மோரும் எலுமிச்சையும் புளிப்புதானே? ஆணியில் இருப்பதும் இரும்புதானே? பஞ்சகவ்யம் தெளித்து என் தோட்டத்தில் எத்தனையோ செடிகள் தெளிந்திருக்கின்றன.

காரஅமிலம்

ஐயா, மட்கு இல்லாமல் மண் இல்லை என்பதில் நான் உங்கள் பக்கம்தான். இலைமட்கில் உள்ள கரிம அமிலங்கள் இரும்பைப் பிடித்து வேரிடம் கொண்டுசேர்க்கின்றன. கொடுக்கிணைப்பு உரம் செய்வதும் இதே வேலைதான். மூடாக்குப் போட்ட இடத்தில் மஞ்சள் குறைவதை நானே பார்த்திருக்கிறேன். ஆணியை மட்டும் ஏற்க முடியவில்லை. துரு என்பதே கரையாத இரும்பு. காரமண்ணில் ஏற்கெனவே அடைந்துகிடப்பதும் அதே வடிவம்தான். மேலும் கொஞ்சம் கொண்டுபோய்ப் புதைப்பதால் வேருக்கு ஒன்றும் கிடைக்காது, கொத்துகிறவர் கையில்தான் குத்தும்.

மோருக்கும் எலுமிச்சைக்கும் புளிப்பு உண்டு. ஆனால் அந்த அமிலத்தை நுண்ணுயிர்கள் சில நாட்களில் தின்று தீர்த்துவிடும்; மண் பழைய நிலைக்கே திரும்பும். சிட்ரிக் அமிலத்துக்கும் இதே வரம்பு உண்டு. ஆனாலும் தொட்டிச் செடிக்குப் போர் தண்ணீரைத் தவிர வேறு வழியே இல்லாதவர்கள் 10 லிட்டருக்கு 2, 3 கிராம் சிட்ரிக் அமிலம் கலந்து ஊற்றினால், ஊற்றும் தண்ணீரின் காரமாவது குறையும்.

யாழ்முற்றம் (வலிகாமம், யாழ்ப்பாணம்)

வணக்கம். இந்த இழையை வாசித்ததும் எங்கள் வளவைப் பற்றித்தான் எழுதுகிறீர்கள் என்று நினைத்தேன். யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது. எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது, எல்லாம் கிணற்றுத் தண்ணீர்தான். கேத்திலின் உட்புறத்தில் வெள்ளைப் படலம் தடிப்பாகப் படியும். அதே தண்ணீர்தான் பூங்கன்றுகளுக்கும்.

செம்மண் ஐயா சொன்னதில் ஓர் இடத்தில் எங்கள் ஊர்க்காரர் கவனமாக இருக்க வேண்டும். எங்கள் பக்கத்து மண்ணும் சிவப்புத்தான், நல்ல செந்நிறம். அதனால் எக்ஸோராவுக்கு (இட்லிப்பூவை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) ஏற்ற மண் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் அது சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கும் சிவப்பு. சில வளவுகளில் இரண்டு மண்வெட்டி ஆழத்திலேயே கல் தட்டும். மார்த்தாண்டத்துச் சிவப்பும் எங்கள் சிவப்பும் ஒன்றல்ல.

எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்று சொல்கிறேன். பிளாஸ்டிக் பீப்பாயைக் குறுக்கே பாதியாக அறுத்து, அடியில் துளையிட்டு, நிலத்தில் தொடாதபடி மரக்கட்டைகளின் மேல் வைத்திருக்கிறோம். சீமெந்துத் தொட்டி கூடவே கூடாது. உள்ளே நன்றாகக் கழுவிய தும்புத்தூள் (தென்னை நார்க்கழிவு), உக்கிய இலை, கொஞ்சம் மணல். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கூரைத் தண்ணீரைத் தாங்கியில் பிடித்து வைக்கிறோம். அது மாசி வரைக்கும் வரும். அதற்குப் பிறகுதான் திண்டாட்டம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினால் பங்குனிக்குள் குருத்து வெளிறத் தொடங்கிவிடுகிறது. சுத்திகரிப்புக் கருவியிலிருந்து கழிவாகப் போகும் தண்ணீரை ஊற்றலாமா என்று இங்கே சிலர் கேட்கிறார்கள்.

காரஅமிலம்

அந்தக் கழிவு நீரை ஊற்றவே கூடாது அண்ணா. குடிநீரிலிருந்து பிரித்தெடுத்த உப்பெல்லாம் சேர்ந்து செறிந்த நீர் அது. உங்கள் கிணற்று நீரைவிட மோசம்.

மழைநீர் தீர்ந்ததும் கிணற்று நீருக்கு மாறுவதைவிட, இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். கையிருப்பு இரட்டிப்பு நாள் வரும், ஒவ்வொரு முறையும் காரம் பாதியாகக் குறையும். உரம் இடும்போது அம்மோனியம் சல்பேட்டைத் தேர்ந்தெடுங்கள். பீப்பாய்ச் செடிக்கு மாதம் ஒரு தேக்கரண்டி, தண்ணீரில் கரைத்து. அது மண்ணை மெல்லப் புளிப்பாக்கும். கால்சியம் நைட்ரேட்டும் எலும்புத்தூளும் வேண்டாம்.

தும்புத்தூளைக் கழுவுகிறீர்கள் என்பது நல்ல செய்தி. கழுவாத நார்க்கழிவில் சோடியமும் பொட்டாசியமும் நிறைய இருக்கும். பிழிந்தால் வடியும் நீரின் பழுப்பு நன்றாக வெளுக்கும் வரை அலச வேண்டும்.

வேப்பமரத்தடி (திருச்சி)

எல்லாம் படித்தேன். ஒரு பூச்செடிக்கு இவ்வளவு பாடா? சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் அரளி, நந்தியாவட்டை, காகிதப்பூ எல்லாம் எந்த மண்ணிலும் வருமே. மண்ணுக்கேற்ற செடியை வைப்பதுதானே முறை? இந்த அம்மா செடிகளைப் பிடுங்கிவிட்டு அரளி வைக்கட்டும்.

செம்மண்

நீங்கள் சொல்வது நியாயம்தான். நிலத்தில் நடுவதானால் நானும் அதையே சொல்வேன். ஆனால் ஒன்றை யோசியுங்கள். காகிதப்பூ தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தெச்சியோ தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய செடி. ஆநிரை கவரப் போன மறவர் சூடிய வெட்சி என்று தொல்காப்பியம் புறத்திணையின் தொடக்கத்திலேயே வைத்திருப்பது இதைத்தான். குழல் நீண்ட அந்தப் பூவுக்குள் நாக்கை விட்டுத் தேன் எடுக்கக் கறிவேப்பிலை அழகன் போன்ற பெரிய வண்ணத்துப்பூச்சிகள் வருகின்றன. தேன்சிட்டு வருகிறது. கறுத்துப் பழுத்த பழத்துக்குக் கொண்டைக்குருவி வருகிறது. பூவின் நடு இழையைக் குழந்தைகள் மெல்ல உருவி, நுனியில் நிற்கும் தேன்துளியை நாக்கில் வைப்பார்கள். நம்மில் பலர் அப்படித்தான் இதைத் தெரிந்துகொண்டோம். மண் ஒத்துவராத ஊரில் ஒரே ஒரு தொட்டியிலாவது இதை வைத்துக்கொள்ள ஆசைப்படுவதில் தவறில்லை. கொஞ்சம் பாடுபட்டால் என்ன?

சிங்கைப்பூ (சிங்கப்பூர்)

இங்கே தண்ணீரும் மண்ணும் பிரச்சினை இல்லை, மழை ஆண்டு முழுவதும் உண்டு. சாலையோரமெல்லாம் இக்ஸோரா வேலிதான். அதனால் வெட்டுவதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பச்சை வந்தும் பூ வரவில்லை என்று பலர் கேட்பார்கள். முதலில் வெயிலைப் பாருங்கள். நாளுக்கு ஐந்தாறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டும். அடுத்தது கத்தரி. இதன் பூங்கொத்து கிளையின் நுனியில்தான் வரும். வேலியைச் சதுரமாக வைத்திருக்க வேண்டும் என்று மாதந்தோறும் மேலாக நறுக்கிக்கொண்டே இருந்தால், மொட்டு வைக்கப்போகும் நுனிகள் எல்லாம் குப்பைக்குப் போகும். இங்கே இயந்திரத்தால் அடிக்கடி ஒழுங்குபடுத்தும் வேலிகளில் பூ அரிதாகத்தான் தெரியும். அதே வகை, கைபடாமல் ஓர் ஓரத்தில் நின்றால் குடை பிடித்துப் பூத்திருக்கும். ஆகவே, கொத்து வாடிய பிறகு, அதற்குக் கீழே இரண்டு இலைச்சோடி விட்டு வெட்டுங்கள். வெட்டிய இடத்தில் இரண்டு கிளை வெடிக்கும், இரண்டும் பூக்கும். பெரிய கவாத்து ஆண்டுக்கு ஒரு முறை போதும்.

கொழுந்தில் மாவுப்பூச்சியோ அசுவினியோ வந்தால் எறும்பு காட்டிக்கொடுக்கும். இலையில் கரும்பூசணம் படிந்திருந்தாலும் மேலே பூச்சி இருக்கிறது என்று பொருள். தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்து, பிறகு வேப்பெண்ணெய் சோப்புக் கரைசல். அதோடு சரியாகிவிடும்.

இயற்கைவழி

வேப்பெண்ணெய் என்றதும் மனம் குளிர்ந்தது. லிட்டருக்கு 5 மில்லி, காதி சோப்பைக் கரைத்துக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெய் மேலே மிதக்கும். ஆணியைப் பற்றிக் காரஅமிலம் சொன்ன விளக்கத்தை ஏற்கிறேன். பஞ்சகவ்யத்தை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

மல்லிகைப்பந்தல்

எல்லோருக்கும் நன்றி. வீட்டில் பேசி முடிவெடுத்துவிட்டோம். சுவரோரம் அரளியும் நந்தியாவட்டையும் வைக்கப்போகிறோம். இட்லிப்பூவை மொட்டை மாடிக்குக் கொண்டுபோகிறோம். ஏசி நீருக்கு ஒரு குழாய் நீட்டி வாளியில் பிடிக்கலாம். வேறு உரமே வேண்டாமா என்பது ஒரு கேள்வி. கீழே இருக்கும் பெரிய செடிகளைப் பெயர்த்து நடலாமா, புதிதாகக் குச்சி வைக்கலாமா என்பது இன்னொன்று. அந்தப் பழைய செடிகளை வைத்தவர் என் மாமியார். அவற்றின் வாரிசாகவே இருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

காரஅமிலம்

ஏசி நீரில் உப்பே இல்லை என்பதால் சத்தும் இல்லை அக்கா. மாதம் ஒரு கைப்பிடி மட்கிய உரமும், நான் முன்பு சொன்ன அம்மோனியம் சல்பேட் கரைசலும் கொடுத்துக்கொண்டிருங்கள். தொட்டியில் நீர் தேங்க விடாதீர்கள். மண் மூச்சுத்திணறினாலும் வேர் இரும்பை எடுக்காது, மஞ்சள் அதனாலும் வரும்.

செம்மண்

பெயர்க்க வேண்டாம் அம்மா. பெரிய செடியின் வேரோடு அந்தச் சுண்ணாம்பு மண்ணும் சேர்ந்தே வரும். குச்சியே நல்லது.

மஞ்சளாக இருக்கும் கிளையிலிருந்து எடுக்காதீர்கள். முதலில் அன்னபேதி தெளித்து, இலை பச்சை திரும்பிய கிளையாகப் பாருங்கள். கொழுந்தும் வேண்டாம், முற்றிப் பட்டை வெடித்ததும் வேண்டாம். வளைத்தால் வளைந்து, மேலும் வளைத்தால் பட்டென்று ஒடியும் பருவம். பூவோ மொட்டோ இருந்தால் கிள்ளிவிடுங்கள். அரையடி நீளத்தில், கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாக வெட்டி, மேலே இரண்டு இலை மட்டும் விட்டு, அவற்றையும் பாதியாக நறுக்குங்கள். வேர்விடும் பொடி இருந்தால் அடிநுனியில் தொட்டுக்கொள்ளலாம். ஆற்று மணலும் கழுவிய நார்க்கழிவும் சமமாகக் கலந்து, இரண்டு கணு உள்ளே போகும்படி ஊன்றி, ஏசி நீர் ஊற்றுங்கள். மேலே கண்ணாடித்தாள் பையைக் கவிழ்த்து நிழலில் வையுங்கள். வேர் பிடிக்க ஆறு வாரம், எட்டு வாரம்கூட ஆகும். இடையில் இழுத்துப் பார்க்காதீர்கள்.

இப்போது ஆடி பிறக்கப்போகிறது, குச்சி ஊன்ற நல்ல காலம். எல்லாம் பிழைக்காது; பத்துக்குச்சி வேண்டுமென்றால் இருபது ஊன்றுங்கள்.